தாய்மார்கள் இருக்கிற சபை

மதியழகனின் மேடைப் பெண்டாட்டிக்கு ஒழுங்காக ஒரு ரசம் வைக்கத் தெரியாது. அவள் வைத்த ரசத்தை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு நாய் தெருவையே காலி செய்துகொண்டு போயிருக்கிறது. சேலைக்கடைக்குள் காலையில் நுழைந்தாளென்றால் ஷட்டரை இறக்கும்போதுதான் வெளியே வருவாள். புருஷன் சட்டைப்பையைத் துழாவுவதற்கென்றே விடியுமுன் எழுந்துகொள்வாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து நத்தம் வரைக்கும் கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா என்று எங்கே பட்டிமன்றம் போட்டாலும் ஜனங்கள் அந்தப் பெண்டாட்டியை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

நிஜப் பெண்டாட்டியின் பெயர் ஜெஸ்ஸி. அவள் வைக்கிற ரசத்தை மதியழகன் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டது போக, டம்ளரில் வாங்கியும் குடிப்பான். வடமதுரைப் பக்கத்து நூல் மில் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நாய் தெருவைக் காலி செய்த கதையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். சேலைக்கடை ஷட்டர் மட்டும் அவன் சரக்கு. அதிலும் கடைசியில் கடைக்காரர் அழுகிற இடம் ஜெஸ்ஸி சேர்த்தது.

திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் இது வருஷக்கணக்காக நடந்துவந்த ஏற்பாடு. பட்டிமன்றம் ஒப்புக்கொண்டால் முதல் பேச்சு அடுப்படியில்தான். ஜெஸ்ஸி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பாள். மதியழகன் தண்ணீர் பாட்டிலை மைக்காகப் பிடித்துக்கொண்டு பேசுவான். பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் அல்லவா, குரலுக்குக் குறைவில்லை. எங்கே கை தட்டுவார்கள், எங்கே கொட்டாவி விடுவார்கள் என்று அவள் சொல்லிவிடுவாள். "இந்த எடத்துல இழுக்காதீங்க. சனங்களுக்கு உங்க தமிழ் எதுக்கு, நாய் என்னாச்சுன்னு தெரியணும்" என்பாள். அவன் கேட்டுக்கொள்வான். மேடையில் அவள் சொன்ன இடத்தில் சொன்ன மாதிரி கைதட்டல் விழும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் அவளுக்குத்தான் முதலில் உடம்பு சிலிர்க்கும்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள், கல்யாணமான புதிதிலேயே. "என்னையப் பத்திப் பொய் எம்புட்டு வேணும்னாலும் சொல்லுங்க. நெசத்தை மட்டும் மேடையேத்தாதீங்க." மாதா மேல் சத்தியம் பண்ணிக்கொடுத்தான். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் ஊர் ஊராய்ப் போய், கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, தன்னைப் பற்றிய பொய்களைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மேடையில் அவன் "என் வீட்டுக்காரி" என்று ஆரம்பித்ததும் கூட்டம் திரும்பி அவளைத்தான் பார்க்கும். அவள் சிரித்தால் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. அடடா, என்ன மாதிரி குடும்பம் என்று சந்தோஷமாய் வீட்டுக்குப் போவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில் ஒரு நாள் மில் வேன் தாமரைப்பாடி பக்கத்தில் நின்றுபோனது. மில் ஸ்டோரில் வேலை பார்க்கும் அருளப்பன் தன் டிவிஎஸ் வண்டியில் ஜெஸ்ஸியைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன். தன் ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டிவிட்டுத் தான் நனைந்தபடி வந்தவர். வாசலில் மதியழகன் நின்றுகொண்டிருந்தான். வரவேண்டிய ஒரு மேடை அன்றைக்கு வேறு ஆளுக்குப் போய்விட்டது, அந்த எரிச்சல் அவனுக்கு. ஏன் லேட், யார் அவன், போன் எங்கே போச்சு என்று தொடங்கியது. போன் நனைந்து செத்துப்போயிருந்தது. அதைச் சொன்னாள். அவன் கேட்கிற நிலையில் இல்லை. இவளும் சும்மா இருக்கவில்லை, மேடை போன ஆத்திரத்தை என்மேல் காட்டாதீங்க என்றாள். அப்போது அந்த வார்த்தை வந்தது.

எல்லாருக்கும் தெரிந்த வார்த்தைதான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் செத்த நேரம் நின்றால் காதில் விழும். ஜெஸ்ஸியும் கேட்காதவள் இல்லை, மில் வாசலில் லாரிக்காரர்கள் வாயில் தினமும் கேட்கிறாள்தான். ஆனால் அதெல்லாம் தெருவில் போகிற வார்த்தை, வீட்டு நடையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அந்த வார்த்தைக்கு ஆண்பால் கிடையாது. ஒரு ஆம்பளையைத் திட்ட வேண்டுமென்றாலும் அவனைப் பெற்றவள் தலையில்தான் அதைக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். ஜெஸ்ஸி ஈரச் சேலையோடு நின்றாள். கையில் ஹெல்மெட் வேறு இருந்தது, அருளப்பனிடம் திருப்பிக் கொடுக்க மறந்திருந்தாள். அந்த நல்ல மனுஷனையும் சேர்த்தல்லவா அந்த வார்த்தை அசிங்கப்படுத்திவிட்டது.

சொன்ன மறுநிமிஷமே மதியழகன் பயந்துபோனான். வாய் தவறிருச்சு என்றான், கையைப் பிடித்துக்கொண்டு அழுதான், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினான். உள்ளறையில் மகள் தமிழ்நிலா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஜெஸ்ஸிக்கு ஆறுதல். அந்த ஆறுதலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் காலையில் இட்லி ஊற்றினாள். மாவு முந்தின நாளே ஆட்டி வைத்தது, பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், அம்புட்டுதான். மதியழகன் அந்த இட்லியைத் தின்றுவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று தானாக முடிவு கட்டிக்கொண்டான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பிறந்த வீட்டுக்கு, வடமதுரைக்குப் போனபோது அண்ணன் சகாயராஜ் கேட்டான். "என்ன பாப்பா, ஒரு மாதிரியா இருக்க. மாப்ள எதுவும் சொன்னாரா?" சிமெண்டுக் கடை வைத்திருக்கிற முரட்டு ஆள், தங்கச்சி என்றால் உயிர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே வண்டியை எடுத்திருப்பான். "வேலை சாஸ்தி, அதான்ணே" என்று சொல்லிவிட்டுக் கேக்கை வெட்டிக் கொடுத்தாள். புருஷன் மானத்தை அப்படிப் பொத்திப் பொத்தி வைத்தாள் பாவி மகள்.

இந்தத் தைப் பொங்கலுக்கு வடமதுரையில் விழா எடுத்தார்கள். விழாக் கமிட்டியில் சகாயராஜும் உண்டு. மதியழகன் எப்போதும் பேசுகிற நடுவர் ராயப்பராஜ் குழுவின் பட்டிமன்றம். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை. "குடும்பச் சண்டையில் வந்து விழும் கெட்ட வார்த்தை: மறக்கலாமா, மறக்கக்கூடாதா?" என்று தலைப்புக் கொடுத்தார். பட்டிமன்றத்தில் எந்த அணி என்பதைப் பேசுகிறவன் முடிவு செய்வதில்லை, நடுவர் சொன்ன பக்கம் பேச வேண்டும். மதியழகனுக்கு மறக்கலாம் அணி வந்தது. எதிரணியில் கல்லூரியில் பாடம் எடுக்கும் முஹ்சினா. சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் ஆள் பார்க்க வரப்போகிறார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. மதியழகனுக்கு அதிலிருந்து ராத் தூக்கம் இல்லை.

அடுப்படியில் அவன் பேசிக் காட்டினான். வெங்காய மண்டியில் இரண்டு வியாபாரிகள் காலையில் காது கூசுகிற மாதிரி திட்டிக்கொள்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அதுதான் அவனுடைய பெரிய உதாரணம்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது ஆம்பளையும் ஆம்பளையும். பொம்பளையைச் சொன்னா?" என்று கேட்டாள் ஜெஸ்ஸி, வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"அது எதிரணி பேச வேண்டியது. முஹ்சினா மேடம் பாத்துக்குவாங்க" என்றான் மதியழகன். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பேச்சு சரியில்லையோ என்று யோசிக்கிறான் போல, என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதே வாரத்தில்தான் தமிழ்நிலா ஒரு விஷயம் சொன்னாள். பேட்மிண்டன் விளையாடும்போது பாயிண்ட் தகராறில் டியூஷன் பையன் விக்னேஷ்குமார் அவளை ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான். என்ன வார்த்தை என்று ஜெஸ்ஸி கேட்டதற்கு, அதெல்லாம் சொல்ல முடியாது என்றாள். "சார்கிட்டச் சொன்னியா?" என்றதற்குத் தோளைக் குலுக்கினாள். "சண்டைல வர்றதுதானம்மா. மறுநாள் அவனே வந்து பேசினான். விடு." ஜெஸ்ஸிக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, சின்னதில் பென்சிலை யாராவது எடுத்தால்கூட ஊரைக் கூட்டுகிறவள், எங்கே இருந்து இந்தப் பொறுமையைக் கற்றுக்கொண்டாள் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

விழா அன்றைக்குக் காலையில் மதியழகன் நிலக்கோட்டை மல்லிகை வாங்கிவந்தான், அம்மாவுக்கும் மகளுக்கும் தனித்தனியாய். பொங்கல் நேரத்தில் மல்லிகையைக் கண்ணால் பார்ப்பதே பெரிய விஷயம். மாம்பழக்கலர் பட்டைக் கட்டு என்றான். "ரெண்டாவது வரிசைல சீட்டு போடச் சொல்லியிருக்கேன் மச்சான்கிட்ட. நடுவுல போயி மாட்டிக்காத, ஓரமா உக்காரு" என்றும் சொன்னான். இத்தனை வருஷத்தில் அவள் எங்கே உட்கார்ந்தாள், நின்றாள் என்று கேட்ட ஆள் இல்லை அவன். ஜெஸ்ஸிக்கு வெட்கமாகக்கூட இருந்தது. பிறந்த ஊருக்குப் புருஷன் பேச வருகிறான், பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. வேறென்ன வேண்டும் ஒரு பொம்பளைக்கு என்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்துக்கொண்டு வந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மேடை தொடங்கியது. ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் கமிட்டிக்காரர்களோடு சகாயராஜ். பின்னால் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுச் சிவனம்மாள், கடலைப் பொட்டலத்தோடு. மேடைக்கு எதிரே இரண்டு கேமரா. டிவிக்காரர்கள் வந்தது உண்மைதான்.

மதியழகன் எழுந்தான். முதல் வரி அடுப்படியில் கேட்ட வரி. இரண்டாவது சிரிப்பும் அதே இடத்தில் விழுந்தது. ஜெஸ்ஸி உதட்டுக்குள்ளேயே அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். இப்போது வெங்காய மண்டி வர வேண்டும்.

"உதாரணத்துக்கு எதுக்குங்க வெளிய போகணும்? என் வீட்டையே சொல்றேன்" என்றான் மதியழகன். கூட்டம் வழக்கம்போலத் திரும்பி ஜெஸ்ஸியைப் பார்த்தது. அவளும் வழக்கம்போல முந்தானையை எடுத்தாள். புதுப் பொய் ஏதோ வைத்திருக்கிறார், நமக்குக்கூடச் சொல்லாமல், என்று நினைத்தாள்.

"ஒரு நாள் நல்ல மழை. என் வீட்டுக்காரி வேலைக்குப் போனவ வரல. போனும் எடுக்கல. நான் வாசல்ல நிக்கிறேன். ஒரு டிவிஎஸ் வண்டி வருது. ஓட்டுறது ஒரு பெருசு. பின்னாடி ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு என் வீட்டுக்காரி."

கூட்டம் சிரித்தது. டிவிஎஸ் என்றபோது ஜெஸ்ஸி அப்படி இருக்காது என்றுதான் நினைத்தாள். ஹெல்மெட் என்றதும் முந்தானை கையிலேயே நின்றுபோனது. மதியழகன் அருளப்பன் நனைந்துகொண்டு வந்ததை நடித்துக் காட்டினான், கண்ணாடியைத் துடைப்பது மாதிரி. அதற்கும் சிரிப்பு. அந்தப் பெரிய மனுஷன் இங்கே இருந்திருந்தால் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வார்?

"எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு வார்த்தை சொல்லிப்புட்டேன். என்ன வார்த்தைன்னு கேக்காதீங்க. தாய்மார்கள் இருக்கிற சபை. அதை இங்க சொல்லக்கூடாது. ஆனா உங்களுக்கே தெரியும்." ஆண்கள் பக்கத்தில் யாரோ விசிலடித்தான். "சரி, குடும்பம் முடிஞ்சுபோச்சுன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடக்கேன். காலைல எந்திரிச்சா என்ன தெரியுமா? இட்லி. ரெண்டு சட்னியோட இட்லி. மறந்துட்டாய்யா அந்த மகராசி. ஆம்பளை சொன்ன வார்த்தையை ஆவியில வேகவச்சு இட்லியாக்கித் தட்டுல போட்டுட்டா. அதுதாங்க பொம்பளை மனசு."

கைதட்டல் வந்தது. ஜெஸ்ஸி எந்த மேடைக்கும் சொல்லிக்கொடுக்காத கைதட்டல். முன்வரிசையில் சகாயராஜ் தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். ரசம், நாய் மாதிரி இதுவும் ஒரு கதை என்றல்லவா அவனுக்கு நினைப்பு. சிவனம்மாள் பின்னாலிருந்து தோளைத் தட்டினாள். "உம் புருசன் பொளந்து கட்டுறான்டி." கடலைத்தோல் ஜெஸ்ஸியின் பட்டில் விழுந்தது.

அந்த வார்த்தையை அவன் சொன்ன அன்றைக்குக்கூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. அது கோபத்தில் வந்தது. இது அப்படியா? உட்கார்ந்து யோசித்து, எங்கே சிரிப்பு வரும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டு, அவளிடம் வெங்காய மண்டியைக் காட்டி ஏமாற்றிவிட்டுக் கொண்டுவந்தது. அவளுக்குத் தெரியாமல் வேறெங்கேயோ நின்று இதைப் பேசிப் பார்த்திருக்கிறான். அவள் சொல்லிக்கொடுத்த வித்தையை வைத்தே அவளை அடித்துவிட்டான். அண்ணனிடம்கூடச் சொல்லாமல் இத்தனை நாள் எதைப் பொத்தி வைத்தாளோ, அதை அண்ணனே சிரிக்கும்படி ஆக்கிவிட்டானே. இதற்குத்தானா பூ வாங்கிக் கொடுத்தான்?

கூட்டம் இன்னும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், இது பொய்யாகிவிடும், வீடு தப்பிவிடும். அவளுக்கு முகம் ஒத்துழைக்கவில்லை.

"சிரிச்சிரும்மா" என்று பக்கத்திலிருந்து தமிழ்நிலா காதோரம் சொன்னாள். "எல்லாரும் பாக்குறாங்க. நீ சிரிச்சா பொய்னு நெனச்சுட்டுப் போயிருவாங்க."

ஜெஸ்ஸி மகளைத் திரும்பிப் பார்த்தாள். "இது நெசம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

தமிழ்நிலா மேடையைப் பார்த்தபடியே சொன்னாள். "அன்னைக்கு ஹெட்போன்ல ஒண்ணும் ஓடலம்மா. சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்திட்டேன். அப்பா சொன்னது கேட்டுச்சு."

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஏதாச்சும் சொல்லுவன்னு பாத்தேன். காலைல நீ பாட்டுக்கு இட்லி வச்ச. சரி, சண்டைன்னா இப்படித்தான் வரும்போல, பெருசா எடுத்துக்கக் கூடாதுபோலன்னு விட்டுட்டேன்."

மகளின் குரலில் குற்றமே இல்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள். விக்னேஷ்குமார் விஷயத்தில் அவள் தோளைக் குலுக்கியது ஜெஸ்ஸிக்கு இப்போது விளங்கியது. அந்தப் பொறுமை வேறு எங்கிருந்தும் வரவில்லை, தன் வீட்டு அடுப்படியிலிருந்து, தான் வைத்த இட்லித் தட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. இனி எவன் எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளை மறுநாள் காலையில் தட்டைக் கழுவி வைக்கும்.

முஹ்சினா என்ன பேசினாள் என்று ஜெஸ்ஸிக்குக் காதில் ஏறவில்லை. நன்றாகத்தான் பேசியிருப்பாள், பெண்கள் பக்கத்தில் கைதட்டல் கேட்டது. கடைசியில் ராயப்பராஜ் தொண்டையைச் செருமினார்.

"தீர்ப்புச் சொல்ல நான் யாருங்க? சம்பந்தப்பட்ட அம்மாவே இங்க வந்திருக்காங்க. மறந்தாங்களா, மறக்கலையா, அவங்க வாயாலயே கேட்டு முடிச்சிருவோம். திருமதி ஜெஸ்ஸி மதியழகன், மேடைக்கு வாங்க."

மேடை ஓரத்தில் ஒரு கமிட்டிக்காரர் மடித்த பொன்னாடையோடு தயாராக நின்றார். அப்போதுதான் ஜெஸ்ஸிக்கு எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்தது. ஓரமாய் இருக்கிற நாற்காலி. மாம்பழக்கலர் பட்டு. அடுப்படியில் அவன் அப்படிப் பார்த்த பார்வை. நடுவருக்குத் தெரியும், கேமராக்காரர்களுக்குத் தெரியும், பொன்னாடைக்காரருக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

"போகாதம்மா" என்றாள் தமிழ்நிலா.

"இரு. வாரேன்" என்று ஜெஸ்ஸி எழுந்தாள்.

முஹ்சினாதான் பொன்னாடை போர்த்தினாள். மதியழகன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான், சிரித்த முகம். உதடு அசையாமல் அவளுக்கு மட்டும் கேட்கும்படிப் பேசினான். அந்த வித்தையும் அவனுக்குத் தெரியும். "மறந்துட்டேன்னு சொல்லிரு ஜெஸ்ஸி, போதும். எல்லாம் சும்மா கதைன்னுதான் நெனக்கிறாக. ஒருத்தனும் நெசம்னு நம்பல. கேமரா ஓடுது." அவன் கண்ணில் துளிப் பயம் இல்லை. இவள் காப்பாற்றுவாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு நிச்சயம். இத்தனை வருஷமாய்க் காப்பாற்றித்தானே வந்திருக்கிறாள்.

ராயப்பராஜ் மைக்கை நீட்டினார். "ஒரே வார்த்தைல சொல்லுங்கம்மா. மறந்தாச்சா, இல்லையா?"

ஜெஸ்ஸி மைக் பிடித்ததே கிடையாது. தண்ணீர் பாட்டிலைவிடக் கனமாக இருந்தது. மூச்சு விட்டதுகூட ஒலிபெருக்கியில் கேட்டது.

"ஐயா, ரசம், நாய், சேலைக்கடை, இதெல்லாம் பொய். நான்தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. வீட்டுக்காரியும் லேசுப்பட்டவள் இல்லை என்று யாரோ சொன்னார்கள். அவள் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். எங்கே நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? "இன்னைக்குச் சொன்னது மட்டும் நெசம். மழை பேஞ்சது நெசம். என்னைக் கொண்டாந்து விட்ட பெரியவரு எங்கப்பா வயசு, அதுவும் நெசம். இவரு சொன்ன வார்த்தையும் நெசம்."

சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து நின்றுகொண்டே வந்தது. முன்வரிசையில் சகாயராஜ் மெதுவாக எழுந்து நின்றான். ராயப்பராஜ் மைக்குக்காகக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"மறந்துட்டேனான்னு கேக்குறீங்க. நான் மறக்கல. வீடு நடக்கணும்னு வாயை மூடிக்கிட்டேன், அதுக்குப் பேரு மறக்குறது இல்ல. சரி, நான் சொல்றது எதுக்கு? அந்த வார்த்தையை இவரு இங்க ஒரு தடவை சொல்லட்டும். அன்னைக்கு மாதிரியே என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். எங்க ஊர்ச் சனம் கேக்கட்டும். கேட்டுட்டு, மறக்குற வார்த்தையா இல்லையான்னு அவங்களே தீர்ப்புச் சொல்லட்டும்."

மைக்கை மதியழகனிடம் கொடுத்தாள். பழக்க தோஷம், அவன் வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். சிவனம்மாள் கடலை மெல்வதை நிறுத்தியிருந்தாள். எந்த ஊர் மேடையிலும் ஒரு வரிக்கு அடுத்த வரி தேடாத மதியழகன் இப்போது தேடினான். சகாயராஜைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான், கடைசியில் ஜெஸ்ஸியைப் பார்த்தான்.

"எப்படி ஜெஸ்ஸி இங்க போயி... இத்தனை தாய்மார்கள் இருக்காங்க" என்றான். அவன் கையிலிருந்த மைக் அதை ஊருக்கே சொன்னது.

"அன்னைக்கும் இருந்தாங்க" என்றாள் ஜெஸ்ஸி. "ரெண்டு பேரு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. ரெண்டு பேரா என்று கேட்க வாயெடுத்தான். கேட்காமலே அவன் கண் இரண்டாவது வரிசைக்குப் போனது. ஜெஸ்ஸி பொன்னாடையை உருவி மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

தமிழ்நிலா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அவள் காதில் ஹெட்போன் இல்லை.